சார்க்கோல்ல என் முகத்தை வரைஞ்சா வேற யாரோ மாதிரி வருது

வாணி_உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வட்டாரச் சமூக மன்றத்துல சார்க்கோல், அதான் கரிக்குச்சி ஓவிய வகுப்புக்குப் போய்ட்டு இருக்கேன். ஆப்பிள், கூஜா, துணி மடிப்பு எல்லாம் முடிஞ்சு இப்ப கடைசியா சொந்த முகம். வீட்டுலயே கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சு எடுத்துட்டு வரணும்.

நான் பாலர் பள்ளியில தமிழ் சொல்லித் தர்றேன். பிள்ளைங்க தூங்கினப்புறம், ராத்திரி பத்து மணிக்கு மேலதான் உட்கார முடியும். படுக்கையறை அலமாரிக் கண்ணாடி முன்னாடி நாற்காலி, தலைக்கு மேல டியூப் லைட்டு, மடியில பலகை, ஏ3 வரைதாள்.

மூக்கு, வாய், தாடை எல்லாம் பென்சிலை நீட்டி அளந்து பார்த்தா சரியாத்தான் இருக்கு. ஆனா முகம் நான் இல்லை. நான் நல்ல கறுப்பு. தாள்ல வர்றவ என்னைவிட ரொம்ப வெளுப்பு. சரி, கறுப்பு ஏத்தலாம்னு மேல மேல தேய்ச்சா, முகத்துல அழுக்கு அப்பின மாதிரி திட்டுத் திட்டா ஆகிடுது. கண்ணு ரெண்டும் மிரண்டு பார்க்குது. எங்கம்மா பார்த்துட்டு, "மூக்குத்தி ஏன்டி அந்தப் பக்கம் போச்சு? ஏன் இவ்வளவு கோவமா இருக்கே?"ன்னு கேட்டாங்க.

இணையத்துல பார்க்கிற காணொளிகள்ல பெரும்பாலும் வெளுத்த முகந்தான். நிழல் விழுற இடத்துல மட்டும் கரியைப் போட்டு, மீதிக்குத் தாளோட வெள்ளையை அப்படியே விட்டுடுறாங்க. என் முகத்துக்கு அது சரிப்பட்டு வரலை. கறுத்த முகத்தைச் சார்க்கோல்ல எப்படித்தான் வரையறது?

என் நிறத்துலயே என்னை வரையணும்னு ஆசை. என் மகளும் என் நிறந்தான். இந்தப் படம் வீட்டுச் சுவர்ல மாட்டப் போறது, அவ தினமும் பார்ப்பா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரவி_தெம்பனிஸ்

அக்கா, கண்ணாடியை விட்டுடுங்க. போன்ல ஒரு படம் எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்துங்க. அது மேல கட்டம் போட ஆப் இருக்கு. தாள்லயும் அதே கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டமா வரைஞ்சா போதும். எங்க அண்ணன் கல்யாணப் படத்தை நான் அப்படித்தான் வரைஞ்சேன், எல்லாரும் அசந்துட்டாங்க. மூக்குத்தியும் இடம் மாறாது.

கதிர்_அங்மோகியோ

வாணி, உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியைப் படித்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். நம் பிள்ளைகள் தங்கள் முகத்தை வரையும்போது இரண்டு மூன்று படி வெளுப்பாக வரைவதை வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். நல்ல கைத்திறன் உள்ள பிள்ளைகளும் அப்படித்தான் வரைந்தார்கள்.

காரணம் தாள். வெள்ளைத் தாளில் தொடங்கினால் அந்த வெள்ளைதான் தோல் என்று கண் எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் நீங்கள் வைக்கும் கரி எல்லாம் நிழலாகத்தான் படிக்கப்படும். எவ்வளவு ஏற்றினாலும் "வெளுத்த முகத்தில் நிறைய நிழல்" என்றுதான் தெரியும். நீங்கள் அழுக்கு என்று சொல்வது இதைத்தான். எனவே தாளை முதலில் கறுப்பாக்குங்கள். பிறகு வெளிச்சத்தை அழித்து எடுங்கள்.

வில்லோ என்னும் மெல்லிய கரிக்குச்சியை உடைத்துப் படுக்கவைத்துத் தாள் முழுக்கப் பூசுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியால் மெல்லத் துடைத்துப் பரப்புங்கள். எந்த அளவுக்குக் கருமை வேண்டும்? தாளை உங்கள் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். கண்ணை இடுக்கிப் பார்க்கும்போது வெளிச்சம் படும் கன்னமும் தாளும் ஒன்றோடொன்று கலந்து, நடுவே உள்ள விளிம்பு மங்க வேண்டும். மங்கவில்லையென்றால் இன்னொரு பூச்சு. இதில் அவசரப்பட வேண்டாம். முகத்தின் நிறம் முடிவாகும் இடம் இதுதான். ஒரு கோடுகூடப் போடும் முன்பே தாள் உங்கள் நிறத்துக்கு வந்துவிடும்.

விரலால் தேய்க்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் நுனி எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அந்த எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் கரி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு ரப்பருக்கு வராது. திட்டுத் திட்டாக நிற்பது அதனால்தான்.

இன்னொன்று, இரண்டு வகைக் கரியையும் ஒரே நேரத்தில் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். வில்லோ என்பது மரக்குச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பது. அதில் பசை கிடையாது, தாளின் சொரசொரப்பில் தூளாக உட்கார்ந்திருக்கும், துணி பட்டால் வந்துவிடும். கம்ப்ரெஸ்ட் சார்க்கோல் கரித்தூளில் பசை சேர்த்து இறுக்கியது. நல்ல கறுப்பு, ஆனால் முழுக்க அழியாது. முகம் நிலைக்கு வரும்வரை வில்லோ மட்டும் போதும். கம்ப்ரெஸ்டைக் கடைசியில் கூந்தலின் அடர்ந்த பகுதிக்கும், கண்மணிக்கும், நாசித்துவாரத்துக்கும், தாடைக்குக் கீழே கழுத்து இருளும் இடத்துக்கும் எடுங்கள். கறுத்த முகத்தை வரைபவருக்கு அந்தக் கடைசிக் கறுப்பு சேமிப்புப் பணம். முன்னாலேயே செலவழித்துவிட்டால் கூந்தலுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் காட்ட எதுவும் மிஞ்சாது.

இப்போது வெளிச்சம். பிசைகிற ரப்பர், அதான் நீடட் ரப்பர், ஒன்று வாங்குங்கள். நுனியைக் கூராக்கித் தாளில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. உங்கள் முகத்தில் பளபளப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் தேடுங்கள். நெற்றியில் புருவத்துக்குச் சற்று மேலே, கன்ன எலும்பின் மேல்பக்கம், மூக்குத் தண்டில் ஒரு கோடு, மூக்கு நுனியில் ஒரு புள்ளி, கீழுதட்டில் ஈரம் மாதிரி ஒரு கீற்று. கறுத்த தோலில் இவை கூர்மையாகத் தெரியும். தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் வெளிச்சம் எல்லா நிறத்தாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். தோலுக்குள் புகுந்து திரும்பி வரும் வெளிச்சம் மட்டுமே நம்மிடம் குறைவு. அதனால் பளபளப்புக்கும் பக்கத்துத் தோலுக்கும் உள்ள இடைவெளி நம் முகத்தில் பெரியது. வெளுத்த முகத்தில் நிழலின் வடிவம் முகத்தைக் கட்டுகிறது என்றால், நம் முகத்தைக் கட்டுவது இந்தப் பளபளப்பின் வடிவம். நெற்றியின் வளைவை அங்கே ஒரே ஓர் ஒற்றலில் காட்டிவிடலாம். எனக்கு இதை வரையும்போது வருகிற மகிழ்ச்சி வேறு எதிலும் வருவதில்லை.

கண் மிரள்வதற்குக் காரணம் வெண்விழியைத் தாளின் வெள்ளையாகவே விட்டிருப்பீர்கள். வெண்விழி வெள்ளை இல்லை. மேலிமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, உருண்டையாக வேறு இருக்கிறது. கண்ணை இடுக்கிப் பாருங்கள், நெற்றிப் பளபளப்பைவிட அது மங்கலாகத்தான் தெரியும். பூசிய சாம்பல் நிறத்தில் ஒரு படி மட்டும் எடுத்தால் போதும். முழு வெள்ளையைக் கண்மணியில் விழும் விளக்கின் புள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறீர்களா? அடர்சிவப்புக் குங்குமமும் கறுத்த நெற்றியும் கருமை அளவில் கிட்டத்தட்ட ஒன்று. கண்ணை இடுக்கினால் பொட்டு காணாமலே போகும். அதைக் கறுப்பு வட்டமாக நிரப்பிவிட்டால் நெற்றியில் ஓட்டை விழுந்தது போலாகிவிடும். பளபளப்பு அந்த இடத்தில் அறுபடுவதை மட்டும் காட்டுங்கள், பார்ப்பவருக்குப் பொட்டு தெரிந்துவிடும்.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்தால் கண்குழி இரண்டும் இருண்டு, மற்றதெல்லாம் தட்டையாகிவிடும். அதை அணையுங்கள். மேசை விளக்கு ஒன்றை ஒரு பக்கமாக, கண் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வெள்ளைச் சுவர் அந்த வெளிச்சத்தை மறுபக்கக் கன்னத்தில் திருப்பி அடிக்கும். அந்தப் பக்கம் நாற்காலி முதுகில் ஓர் அடர்நிறச் சேலையைத் தொங்கவிடுங்கள், நிழல் ஆழமாகிவிடும். ராத்திரியில்தான் நேரம் என்று வருத்தப்பட வேண்டாம். விளக்கு நகராது, அது பெரிய வசதி. ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்குச் சன்னல் வெளிச்சம் மாறாது என்று சொல்லும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில்தான் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும், வடக்குச் சன்னலிலும் வெயில் விழும். அந்த அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பலகையை மடியில் வைக்காதீர்கள். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். பார்வை மட்டும் போய் வர வேண்டும், தலை அசையக் கூடாது. உதிரும் தூளும் கீழே போய்விடும். நாற்காலிக் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் ஒட்டுநாடா. கண்ணாடியில் உங்கள் உள்கண் மூலை தெரியும் இடத்தில் ஒரு சிறு துண்டு. மறுநாள் அதே இடத்தில் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தலாம். கண்ணாடியின் மேற்பரப்பில் உங்கள் முகம் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அசல் அளவில் பாதிதான் இருக்கும். விளிம்பைச் சுற்றி வரைந்து பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஏ3 தாளில் அந்தப் பாதி அளவு தாராளமாக அடங்கும்.

ரவி தம்பி, கட்டம் போட்டு வரைவது பழைய, நல்ல முறை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாணி கேட்பது நிறத்தைப் பற்றி. போன் கேமரா முகத்தைக் கண்டதும் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுகிறது, நிழலைத் தூக்கிவிடுகிறது, பல போன்களில் தோலையும் வழுவழுப்பாக்குகிறது. அவர் தப்பிக்க நினைக்கும் அந்த வெளுப்பைப் படமே கொடுத்துவிடும். கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கும் பெரிதாகத் தெரியும்.

வாணி, அம்மா சொன்ன கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கோபம் கிடையாது, உற்றுப் பார்க்கும் முகம். சிங்கப்பூர் நேஷனல் கேலரி சேகரிப்பில் ஓவியர் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் தைல வண்ணத்தில் தன்னை வரைந்த சின்னஞ்சிறு படம் இருக்கிறது. சிரிப்பே இல்லை, நேர்ப்பார்வை. பின்னாளில் 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தவர் அவர். ஜெர்மானிய ஓவியர் காத்தே கோல்விட்ஸ் (1867–1945) வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தை வரைந்துகொண்டே இருந்தார். 1933-இல் அவர் சார்க்கோலில் வரைந்த ஒன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது, இணையத்தில் தேடிப் பாருங்கள். பக்கவாட்டில் அவர் முகம், நீட்டிய கையில் கரிக்குச்சி. முகத்தையும் விரல்களையும் பொறுமையாக வரைந்திருக்கிறார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை மட்டும் குச்சியைப் படுக்கவைத்து மேலும் கீழுமாக இழுத்த ஒரே வேகமான பட்டை. அந்த ஆண்டுதான் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து அவரை விலகவைத்தார்கள். அந்தத் தாளும் வெள்ளை இல்லை, பழுப்பு. இங்கே நம்மவரிலும் எஸ். நமசிவாயம் இருந்தார். ஆளை நேரில் பார்த்து வரைவதைச் சிங்கப்பூரில் ஊன்றியவர்களில் ஒருவர், குரூப் 90 என்ற ஓவியர் அமைப்பைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். நேரில் பார்த்து வரையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இவர்கள் எல்லாரையும் பார்த்துத்தான்.

மூக்குத்தி மாறட்டும், விடுங்கள். கண்ணாடியில் நீங்கள் தினமும் காணும் முகம் அது.

வாணி_உட்லண்ட்ஸ்

சார், ரொம்ப நன்றி. இவ்வளவு விரிவா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கலை. நேத்து ராத்திரியே பூசிட்டேன். கன்னத்தோரம் தாளைப் பிடிச்சுப் பார்க்கிறது பிரமாதம். நான் போதும்னு நினைச்ச கறுப்பு போதவே இல்லை, திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம் நெத்தியில ரப்பரை ஒத்தி எடுத்தப்ப எங்க பாட்டியோட நெத்தி மாதிரியே ஒரு வளைவு வந்துச்சு. அப்படியே உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தேன்.

ரெண்டு சந்தேகம். என் தாள் வழுவழுன்னு இருக்கு, ரெண்டாவது பூச்சு பிடிக்காம வழுக்குது. வேற என்ன வாங்கலாம்? அப்புறம் முடிச்சதும் கரி உதிராம இருக்க ஃபிக்ஸடிவ் ஸ்பிரே அடிக்கணும்னு வகுப்புல சொன்னாங்க. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, அந்த வாடை பயமா இருக்கு. மகள் கண்ணுல படுற உயரத்துல மாட்டப் போறதால கை வேற படும்.

மீனா_ஃபிரேம்

வாணி, ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். ஃபிரேம் போடுற கடையில வேலை பார்க்கிறேன், சார்க்கோல் படங்கள் நிறைய எங்க கைக்கு வரும்.

கண்ணாடி போட்டு மாட்டுறதா இருந்தா ஃபிக்ஸடிவ் கட்டாயமில்லை. வீட்டுக்குள்ள அடிக்கவே அடிக்காதீங்க, தீப்பிடிக்கிற பொருள், மூச்சுக்கும் கெடுதல். அடிச்சே ஆகணும்னா கார்நிறுத்தத்தோட மேல்தளம் மாதிரி திறந்த இடத்துக்கு எடுத்துட்டுப் போங்க. முகக்கவசம் போட்டுக்குங்க, காத்து உங்க முதுகுப் பக்கத்துல இருந்து வரணும். ஓர் அடி தள்ளி, மெல்லிசா, காயவிட்டுக் காயவிட்டு. மழை வர்ற மாதிரி புழுக்கமா இருக்கிற நாள்ல வேண்டாம், ஈரக்காத்துல சில ஸ்பிரே வெள்ளையாப் படர்ந்துடும். உங்க படம் முழுக்க அடர்நிறம், அந்தப் படலம் பளிச்சுன்னு தெரியும். முடியில அடிக்கிற ஸ்பிரே போதும்னு சிலர் சொல்வாங்க, அது நாளாவட்டத்துல மஞ்சளாகும்.

ஃபிரேம் போடும்போது ரெண்டு விஷயத்தை வாயால சொல்லிடுங்க. ஒண்ணு, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் அட்டை இருக்கணும், கண்ணாடி கரியைத் தொடவே கூடாது. ரெண்டு, நிஜக் கண்ணாடி வேணும், அக்ரிலிக் வேணாம். அக்ரிலிக்கைத் துடைச்சா நிலைமின்சாரம் உண்டாகி, தாள்ல இருக்கிற தூளை மேல இழுத்துக்கும். பிள்ளைங்க இருக்கிற வீடு, கண்ணாடி உடையுமேன்னு பயம் வரும். அதுக்கு ஆணியைப் பலமா அடிங்க, இல்லைன்னா ரெண்டு கொக்கி. குளியலறைச் சுவரோட பின்பக்கத்துல மாட்டாதீங்க. ஃபிரேமுக்குப் பின்னாடி கீழ் மூலை ரெண்டுலயும் ரப்பர் பொட்டு ஒட்டினா காத்துப் போகும், பூஞ்சை வராது. கரி வெயில்ல மங்காது, அது கார்பன். தாள் மட்டும் அமிலம் இல்லாததா இருக்கணும்.

கதிர்_அங்மோகியோ

மீனா சொன்னதில் நான் சேர்க்க எதுவும் இல்லை, அருமையாகச் சொல்லிவிட்டார்.

தாளுக்கு, ப்ராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஆர்ட் ஃபிரண்ட் கடையில் பாருங்கள். சார்க்கோலுக்கும் பேஸ்டலுக்குமான தாள் என்று கேளுங்கள், அமிலம் இல்லாததா என்றும் கேளுங்கள். ஆங்க்ர் தாள் கிடைத்தால் மெல்லிய வரி ஓடும், கரி அந்த வரியைப் பிடித்துக்கொள்ளும். கான்சன் மி தாந்த் என்றால் 160 கிராம் கனம், ஒரு பக்கம் தேன்கூட்டுப் பதிவு, மறுபக்கம் சற்று வழவழப்பு. முகத்துக்கு வழவழப்பான பக்கத்தையே எடுங்கள், இல்லாவிட்டால் கன்னமெல்லாம் புள்ளியாகத் தெரியும். அதில் பழுப்பு, சாம்பல் நிறத் தாள்களும் வரும். பழுப்புத் தாள் எடுத்தால் பூச்சு குறைவாகவே தேவைப்படும். வாங்கும் முன் தாளின் ஓரத்தை விரலின் பின்பக்கத்தால் தடவிப் பாருங்கள், லேசாகப் பிடிக்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வழுவழுப்பான தாளில் இரண்டாம் பூச்சு நிற்காவிட்டாலும் ஒரே பூச்சில் வந்த அந்த நெற்றி நல்ல நெற்றியாக இருக்கலாம். புதுத் தாளில் தொடங்கும்போது அதைப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். வகுப்புக்கு எதை எடுத்துப் போவது என்பதை இரண்டும் முடிந்த பிறகு பகல் வெளிச்சத்தில், ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்த்து முடிவு செய்யுங்கள். மகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள். படத்தை இங்கே போட முடிந்தால் போடுங்கள், கூந்தல் விளிம்பும் காதும் சேரும் இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அங்கே கறுப்பும் கறுப்பும் ஒட்டிக்கொள்ளும்.

வாணி_உட்லண்ட்ஸ்

சார், காது இன்னும் தொடங்கவே இல்லை. ஜிமிக்கி போட்டுக்கிட்டு உட்காரலாமா, கழட்டிடவா?

கதிர்_அங்மோகியோ

போட்டுக்கொண்டே உட்காருங்கள். ஜிமிக்கியின் பளபளப்பு மிகக் கூர்மையாக இருக்கும், கண்மணிப் புள்ளியைப் போல அதையும் தாளின் முழு வெள்ளையாக எடுக்க வேண்டும். அதன் பக்கத்தில் கழுத்தின் கறுப்பு தானாக ஆழமாகும். ஆனால் காது முடிந்த பிறகு கடைசியாக எடுங்கள், முன்னாலேயே எடுத்தால் கை பட்டு மங்கிவிடும்.